பன்றிக்குட்டியின் முதல் வாரத்துக்கு ஒரு மருந்து

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பன்றிக்குட்டிக்குக் கழிச்சலை உண்டாக்கும் குடல் கொரோனா வைரஸ் வந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம். தாய்ப்பன்றிகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாத பண்ணையில் நோய் நுழைந்தால், அந்த வாரம் ஈன்ற குட்டிகள் அத்தனையும் போய்விடுவதுண்டு. அதே வைரஸ் பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் நாலு மாதப் பன்றிக்கு வந்தால், சில நாள் கழிச்சலாகி, தீவனம் எடுக்காமல் சோர்ந்து கிடந்துவிட்டு, மறுபடி தொட்டியை முட்ட ஆரம்பித்துவிடும். ஒரே வைரஸ்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இதற்கு எப்படிப்பட்ட மருந்து வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது புரியும். இது சம்பந்தமாக வருகிற ஆய்வுக் கட்டுரைகளை நான் விடாமல் படிக்கிறேன். நிறையக் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். ஊர், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்திப் பள்ளத்தாக்கு. படிப்பு முடிந்து சில வருடம் சமவெளியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பு வேலை பார்த்தேன். அங்கே நான் கையாண்டது பன்றிகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ். ஊரில் பெரியப்பா வெண்பன்றி வளர்க்கிறார். பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஒதுக்கிப்போடும் வெடித்த கேரட், முட்டைக்கோஸின் மேல் இலை, நன்றாக வேகவைத்த ஓட்டல் மிச்சம், கொஞ்சம் தவிடு, இதுதான் அங்கே தீவனம். கொரோனா அலையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அவர் கேட்டார்.

“ஏம்மா, மனுசனுக்குக் கொரோனா மாத்திரை வந்துருச்சே. குட்டிங்களுக்கு வர்ற கொரோனாவுக்கு ஒண்ணும் இல்லையா?”

“இல்ல பெரியப்பா” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். பன்றிகளின் குடல் கொரோனாவுக்கென்று அனுமதி வாங்கிச் சந்தைக்கு வந்த வைரஸ் எதிர்ப்பு மருந்து கிடையாது.

இந்த வகையில் முக்கியமான வைரஸ்கள் நாலு. மூத்தது டிஜிஇ (தொற்றும் இரைப்பை-குடல் அழற்சி). 1946ல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அடுத்தது பிஇடி (பன்றிகளின் கொள்ளைக் கழிச்சல்). 1971ல் இங்கிலாந்தில் தலைகாட்டி, 1978ல் பெல்ஜியத்தில் அடையாளம் காணப்பட்டது. 2010ல் சீனாவில் அது மிகக் கடுமையான வடிவத்தில் கிளம்பியது. 2013ல் அமெரிக்காவுக்குள் நுழைந்து, ஒரு வருடத்துக்குள் சுமார் 70 லட்சம் குட்டிகளைக் கொண்டுபோனது. மூன்றாவது டெல்டா கொரோனா. 2012ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் அறிவித்தது. கடைசியாக வந்தது சாட்ஸ் (பன்றிகளின் தீவிரக் கழிச்சல் நோய்). 2016 கடைசியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தொடங்கி, சில பண்ணைகளில் மட்டுமே கிட்டத்தட்ட 25,000 குட்டிகளைக் கொன்றது. அதன் மூலம் வௌவால் என்று 2018ல் தெரிந்தது.

பன்றிக்கு வருவதுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஹெய்ட்டியில் காய்ச்சலுடன் வந்த மூன்று குழந்தைகளின் ரத்தத்தில் பன்றியின் டெல்டா கொரோனா இருந்தது 2021ல் வெளியானது. சாட்ஸ் வைரஸ் மனிதனின் நுரையீரல் செல்லிலும் குடல் செல்லிலும் வளர்கிறது என்று 2020ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதக் கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்து அதை அடக்குகிறது என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். பன்றிக்கொட்டிலுக்கு மருந்து தேடுவது மனிதருக்கும் முன்னேற்பாடுதான்.

சரி, குட்டி ஏன் சாகிறது? சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்து நிற்கும். பாலைச் செரித்து உறிஞ்சுவது அவற்றின் மேல்தோல் செல்கள்தான். வைரஸ் அந்தச் செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உதிர்த்துவிடும். உறிஞ்சிகள் குட்டையாகிக் கட்டையாகிவிடும். ஆனால் அடியில் உள்ள குழிகளில் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் இடத்தைப் பெரும்பாலும் அது விட்டுவைக்கிறது. பெரியப்பாவுக்கு இதை விளக்கும்போது, கவாத்து வெட்டிய தேயிலைச் செடியைத்தான் காட்டினேன். இலை போய்க் கட்டை மட்டும் நிற்கும். ஆனால் செடி சாகவில்லை, தளிர் வர நாள் ஆகும், அவ்வளவுதான். பால் மறந்த பன்றிக்கு இந்த மேல்தோல் இரண்டு மூன்று நாளில் புதுப்பிக்கப்படும். பிறந்த குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதுவரை குட்டி தாங்குவதில்லை. நீரிழப்பும் பட்டினியும் குளிரும் சேர்ந்து அதற்கு முன்பே முடித்துவிடுகின்றன.

குளிரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மனிதக் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உடம்புச் சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. பன்றிக்கு அது இல்லை. அதற்கான மரபணுவையே அந்த இனம் எப்போதோ இழந்துவிட்டது. பிறந்த குட்டி படுக்குமிடம் 34 டிகிரி சூடாவது இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். குடல் கொரோனாக்கள் வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் செத்துப்போகும், குளிரிலும் நிழலிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். டிஜிஇ மேலைநாடுகளில் குளிர்கால நோயாக இருந்ததற்கு அதுதான் காரணம். குட்டிக்கு எது கெடுதலோ, அது வைரஸுக்குத் தோதாக இருக்கிறது.

பெரியப்பா பண்ணையில் இப்படி ஒரு ஜனவரியில் கழிச்சல் வந்தது. நான் ஊரில் இருந்தேன். ஓர் ஈற்றுக் குட்டிகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. வால் அடியிலிருந்து பின்னங்கால் வரை மஞ்சளாக நனைந்திருந்தது. ஒரு குட்டி கக்கியதில் தயிர்க்கட்டி மாதிரி செரிக்காத பால். தொடைத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. நடக்கத் தெம்புள்ள ஒன்றிரண்டு, தாயிடம் போகாமல் தரையில் தேங்கிய ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு தாகம். பையில் இருந்த லிட்மஸ் தாளைக் கழிச்சலில் தொட்டேன். நீலம் சிவப்பாக மாறியது. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் கீழே போய்ப் புளித்தால்தான் அமிலமாகும். உறிஞ்சிகள் போய்விட்டன என்று அர்த்தம். ஈகோலி பாக்டீரியாவின் கழிச்சல் பொதுவாகக் காரமாக இருக்கும். தாளைப் பார்த்து எந்த வைரஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆன்டிபயாடிக் ஊசியால் ஆகப்போவது கொஞ்சம்தான் என்று தெரிந்துவிட்டது. பெரியம்மா உப்புச்சர்க்கரைப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சால் ஒவ்வொரு வாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி மின்சாரம் போனது. சாக்கும் சூடான தண்ணீர் பாட்டிலும் வைத்துச் சமாளித்தோம். பாதிக்கு மேல் செத்துப்போயின. மாதிரியின் முடிவு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது: ரோட்டா வைரஸ். கொரோனா இல்லை. ஆனால் அழிக்கும் இடமும் விதமும் ஏறக்குறைய அதேதான். அதற்கும் மருந்து இல்லை.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்ப்பார்கள். வைரஸை விட்டு, மருந்தைப் படிப்படியாக நீர்த்து ஒவ்வொரு வரிசையிலும் சேர்ப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றிக் கழுவினால், செல் பிழைத்த குழி ஊதாவாக நிற்கும், செத்த குழி வெறுமையாகிவிடும். பார்க்க மனம் நிறையும் காட்சி அது. வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவு ஒன்று, செல்லில் பாதியைக் கொல்லும் அளவு ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் நல்ல மருந்து என்று கட்டுரை எழுதிவிடலாம். இதில்தான் எனக்குப் பல சந்தேகங்கள்.

முதல் சந்தேகம் ட்ரிப்சின் பற்றியது. பிஇடி வைரஸை வீரோ என்ற குரங்குச் செல்லில் வளர்க்க ட்ரிப்சின் நொதி சேர்க்க வேண்டும். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கூர்ப்புரதத்தை வெட்டிவிட அந்த நொதி தேவை. ரோட்டாவுக்கும் அப்படித்தான், அதனால் இந்த வேலையில் என் கை பழகியது. ட்ரிப்சின் போட வேண்டுமென்றால் செல்லுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் கன்றின் சீரத்தை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சீரம் ட்ரிப்சினை முடக்கிவிடும். சீரம் இல்லாத செல் பலவீனமானது. மருந்தின் நச்சைச் சட்டென்று காட்டும். இன்னொரு பக்கம், சோதிக்கும் பொருள் வைரஸைத் தொடாமல் ட்ரிப்சினை மட்டும் முடக்கினாலும் தட்டு ஊதாவாகத்தான் வரும். மூலிகைச் சாறுகளில் ட்ரிப்சினை முடக்கும் பொருள்கள் ஏராளம். குட்டியின் குடலிலோ கணையம் ட்ரிப்சினைச் சுரந்தபடி இருக்கும். தட்டில் ஜெயித்த சாறு அங்கே என்ன செய்யும்? மூலிகையில் நம்பிக்கை உள்ளவள் என்பதால்தான் சொல்கிறேன்: ட்ரிப்சினைத் தனியாக அளந்து பார்க்காத ஆய்வை நம்பி யாரும் குட்டிக்குக் கஷாயம் கொடுத்துவிட வேண்டாம்.

அடுத்தது வீரோ செல்லே. 1962ல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட செல் வரிசை அது. எங்கள் மலைக்குப் புதிதில்லை. 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வீரோ செல்லில் தயாரித்திருக்கிறது. தடுப்பூசிக்கு அருமையான செல். வைரஸை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் இன்டர்பெரான் என்ற புரதத்தை இதனால் சுரக்க முடியாததால் வைரஸ்கள் தாராளமாக வளரும். மருந்துச் சோதனைக்கு அதுவே குறை. குரங்கின் சிறுநீரகம் வேறு, பன்றிக்குட்டியின் குடல் வேறு.

2020ல் மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு நடந்தது நினைவிருக்கும். வீரோ செல்லில் அது மனிதக் கொரோனாவைத் தடுத்தது. உலகமே அதன் பின்னால் ஓடியது. மனித நுரையீரல் செல்லில் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. வீரோவில் வைரஸ் நுழைகிற வழி வேறு, நுரையீரல் செல்லில் நுழைகிற வழி வேறு. அடுத்த வருடம் இன்னொன்றும் தெரிந்தது. அப்படித் தட்டில் ஜெயித்த பல பழைய மருந்துகள், செல்லுக்குள் கொழுப்பைத் தேங்கவைத்து அதைக் கலவரப்படுத்தியதால்தான் வைரஸ் குறைந்ததாகத் தோன்றியிருக்கிறது. பன்றி வைரஸுக்கு வருகிற ‘பழைய மருந்து, புதிய பயன்’ கட்டுரைகளை இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

குளோரோகுயின் என்றதும் எனக்கு நடுவட்டம் ஞாபகம் வரும். 1860களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா தோட்டங்கள் போட்டார்கள், அதன் பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்தான கொய்னாவுக்காக. அதற்குச் செயற்கை மாற்றாக 1934ல் ஜெர்மனியில் உருவானதுதான் குளோரோகுயின். நான் சொல்ல வந்தது அதற்கும் முந்திய சங்கதி. சின்கோனா பட்டையில் கொய்னா மட்டும் இல்லை. குயினிடின், சின்கோனைன், சின்கோனிடின் என்று இன்னும் மூன்று உண்டு. கொய்னா விலை அதிகம். 1866ல் மதராஸ் அரசு ஒரு குழு அமைத்து, நாலையும் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. நாலுமே வேலை செய்தன, சின்கோனைன் மட்டும் பின்தங்கியது. காலனிய அரசின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் குழு கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது: நோயாளிக்குக் காய்ச்சல் நின்றதா, மலிவானதை வைத்தே காரியம் ஆகுமா? பன்றிக்குட்டி மருந்தில் இந்த இரண்டு கேள்வியையும் கேட்கிற ஆய்வுகள் அரிது.

நம்பிக்கை தரும் மருந்துகள் இல்லாமல் இல்லை. வைரஸ் தன் ஆர்என்ஏவை நகலெடுப்பதைத் தடுக்கும் ரெம்டெசிவிர் குடும்பம் ஒன்று. வைரஸின் நீளமான புரதத்தைத் துண்டுபோடும் முக்கிய புரோட்டியேஸ் நொதியை அடைக்கும் ஜிசி376 போன்றவை இன்னொன்று. இந்த இரண்டு இலக்கும் எல்லாக் கொரோனாக்களிலும் அதிகம் மாறாமல் இருப்பவை. அதனால் செல் வளர்ப்பில் பன்றி வைரஸ்களையும் அடக்குகின்றன. பூனைகளில் இது நிஜமாகவே ஜெயித்தது. பூனைக்கு உயிர்க்கொல்லியாக இருந்த எஃப்ஐபி நோயின் வைரஸ், டிஜிஇக்குச் சொந்தக்காரன். வகைப்பாட்டில் இரண்டும் ஒரே இனம். ரெம்டெசிவிரின் உள்மருந்தான ஜிஎஸ்-441524ஐக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019ல் வந்தது: 31 பூனைகளில் 25 நீண்ட காலம் பிழைத்திருந்தன. அந்த வைரஸ்களின் உறவு முறையைப் பார்த்தால் பன்றிக்குட்டிக்கும் வழி பிறந்ததாகத் தோன்றும். ஆனால் பூனைக்கு 12 வாரம் தினமும் ஊசி போட்டார்கள். எஃப்ஐபி வாரக்கணக்கில் நகரும் நோய். குட்டிக்கு ஒன்றிரண்டு நாளில் கழிச்சல் தொடங்கி, மூன்று நாலு நாளில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம், செல்லப் பூனைக்குச் செலவழிக்க ஆள் இருக்கிறார்கள். பால் மறந்த பன்றிக்குட்டி விற்றால் வருவது சில ஆயிரம் ரூபாய்.

உயிருள்ள குட்டியில் செய்யும் சோதனைகள் குறைவு. செய்தவற்றிலும் பெரும்பாலும் ஒரு குழுவுக்குச் சில குட்டிகள்தான். மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் வைரஸைக் கொடுத்தால் நல்ல முடிவு வரும். பண்ணையில் யாரும் அப்படிக் கொடுக்க முடியாது. கழிச்சலைப் பார்த்த பிறகுதான் ஓடுவோம். அதற்குள் உறிஞ்சிகள் உதிர ஆரம்பித்திருக்கும். வாயில் விட்ட மருந்தைக் குட்டி கக்கும். உறிஞ்சும் பரப்பே அழிந்துகொண்டிருக்கும்போது மருந்து எவ்வளவு உள்ளே போகும்? இதற்கெல்லாம் விடை தட்டில் கிடைக்காது. குட்டிகளைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு தாயின் குட்டிகளை மருந்துக் குழுவிலும் இன்னொரு தாயின் குட்டிகளை மருந்தில்லாக் குழுவிலும் போட்டால், ஜெயித்தது மருந்தா, அந்தத் தாயின் சீம்பாலா என்று சொல்லவே முடியாது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகாது. முதல் நாளில் குடிக்கிற சீம்பால்தான் ஆதாரம், அதற்குப் பிறகு தினமும் குடிக்கிற பாலில் வருகிற காப்பு. அளப்பதிலும் எனக்குக் குறை உண்டு. சாணத்தில் வைரஸின் ஆர்என்ஏ பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று எழுதுகிறார்கள். எடை ஏறியதா, பாலுக்கு முட்டியதா, பத்தாம் நாள் உயிரோடு இருந்ததா என்பதை முதலில் எழுத வேண்டும்.

இங்கேதான் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து நோயைத் துடைத்தெடுக்க வேண்டியதில்லை. உறிஞ்சி மறுபடி வளரும்வரை, அதாவது ஒரு வாரம், குட்டியைத் தாங்கிப் பிடித்தால் போதும். பண்ணைக்கும் இப்படி ஒரு கெடு இருக்கிறது. தாய்ப்பன்றிகள் நோய்ப்பட்டுத் தேறினால், பாலில் காப்பு வந்து சேர மூன்று நாலு வாரம் ஆகும். அதற்குள் ஈனுகிற குட்டிகள்தான் அகப்பட்டுக்கொள்கின்றன. முதல் ஈற்றில் கழிச்சலைப் பார்த்ததும், அந்தக் குட்டிகளைக் காட்டிலும் அடுத்த கொட்டிலில் இன்று ராத்திரி பிறக்கப்போகும் குட்டிகளுக்கு மருந்து விடுவதுதான் பலன் தரும் என்று நினைக்கிறேன். பிறந்த உடனே வாயில் ஒரு தடவை, மூன்று நாலு நாளைக்குக் குடலிலேயே தங்கி வேலை செய்கிற மாதிரி. சோதனையையும் அப்படியே அமைக்க வேண்டும்: சீம்பால் குடித்த குட்டிகள், ஒவ்வொரு ஈற்றும் இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டு, தனித்தனி அறைகளில். மருந்தில்லாத பாதிக்கும் உப்புச்சர்க்கரை நீரும் சூடும் கட்டாயம் கொடுக்க வேண்டும். வெறுமனே சாகவிட்டு எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை. தவிர, நீரும் சூடும் கொடுத்ததற்கு மேல் மருந்து என்ன கூடுதலாகச் செய்தது என்பதுதானே தெரிய வேண்டும்?

எந்த மருந்தை என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சீனாவில் கோழிப்பண்ணைகளில் பறவைக் காய்ச்சலுக்கு, மனிதரின் ஃப்ளூ மருந்தான அமான்டடினைக் கொடுத்து வந்தது 2005ல் வெளியே வந்தது. அதற்குள் அந்த மருந்துக்கு மசியாத வைரஸ்கள் பரவிவிட்டிருந்தன. அமெரிக்கா 2006ல் அப்படிப்பட்ட மருந்துகளைக் கோழிகளுக்குக் கொடுக்கத் தடை போட்டது. கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கை நம் நாட்டில் 2019ல்தான் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மனிதருக்கு வைத்திருக்கும் கொரோனா மாத்திரையைக் கொட்டிலில் அள்ளிக் கொடுக்கிற நாள் வரக்கூடாது. பன்றிக்கென்றே தனி மூலக்கூறு வேண்டும், இறைச்சியில் எவ்வளவு நாள் தங்குகிறது என்ற கணக்கோடு.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “அது வரட்டும்மா, அதுவரைக்கும் என்ன பண்றது?” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஈனும் கொட்டிலுக்கு வெளியாள் வரக்கூடாது, செருப்பை மாற்ற வேண்டும், ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் போடவே கூடாது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலில் செத்த பிறகு இதை யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால், படுக்கையில் வைக்கோலும் விளக்கும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு.

இன்னொன்று, கழிச்சல் தொடங்கிய முதல் நாளே மாதிரி எடுத்துவிடுங்கள். எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன், இன்னும் தெம்பாக இருக்கும் குட்டியின் கழிச்சலை மூடியுள்ள சுத்தமான குப்பியில் பிடித்து, ஐஸில் வைத்து, கால்நடை மருத்துவர் மூலம் அனுப்புங்கள். குட்டி செத்தால் உடனே சொல்லுங்கள். சில மணி நேரம் போனாலே குடலின் மேல்தோல் தானாக அழுகி உதிர்ந்துவிடும், அப்புறம் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஈகோலி, ரோட்டா, காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, கொரோனா எல்லாம் கண்ணுக்கு ஒரே மஞ்சள்தான். கழிச்சல் தொடங்கிய தேதி, எத்தனை நாள் குட்டி, தாய்க்கு எத்தனையாவது ஈற்று என்று குப்பிமேல் எழுதிவிட்டால், அதைப் பரிசோதிக்கப்போகிறவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.